மழை படாத இடம்

கறுப்புக் கம்பளியின் முனைகளை மூங்கிலில் இறுக்கிக் கட்டி அதற்குள் குருவம்மாளைக் கிடத்தியபோது, அவள் ஒரே ஒரு தடவை அம்மா என்றாள். அதற்கு மேல் கத்தத் தெம்பில்லை. முந்தின நாள் காலையில் எடுத்த வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்று சுருளியம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துச் சொல்லிவிட்டாள். தோட்டக் கூலிகளின் லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளைகளில் பாதியைக் கையில் வாங்கிய கிழவி அவள். "இது என் கைக்கு அடங்காதுய்யா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிருங்க" என்று அவளே சொன்ன பிறகு, புருஷன்காரன் பெரியமுத்து யோசிக்க என்ன இருக்கிறது?

ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோடு போன வாரம் வரை இருந்தது. கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து ஆடி மழை, பீர்மேட்டு மலையையே கரைத்துவிடுகிற மாதிரி கொட்டி, பாலத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. பெரியமுத்து கீழே தேவாரம் ஊரிலிருந்து மலையேறி வந்த காலத்தில் இந்தத் தோட்டத்தில் இரண்டே லயங்கள். தேயிலை பெருகப் பெருக ஆளும் பெருகி, லயத்துக்குப் பின்னால் லயமாக மேடே நிறைந்துவிட்டது. துரைக்கு ஆள் சேர்க்கத் தெரிந்த அளவுக்கு வழி விடத் தெரியவில்லை. அத்தனை சனத்துக்கும் ஒரே ரோடு, ஒரே பாலம். இன்னொரு ரோடு வேண்டும் என்று கங்காணி பயந்து பயந்து கேட்டதற்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றாராம். துரைமாருடைய அடுத்த வருஷம் எந்தப் பஞ்சாங்கத்தில் வருமோ, யார் கண்டது?

மிச்சம் இருந்தது, கடைசி லயத்துக்குப் பின்னால் மேடேறும் ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டினால் அடுத்த தோட்டம். அங்கே டாக்டர் உண்டு. பாதைக்கு ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் செங்குத்துப் பாறை. நடுவில், பாறை குடையாகக் கவிந்த ஓர் இடுக்கு வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடுக்கில்தான் கருப்பசாமி நின்றார்.

போன வருஷம் வாந்திபேதி வந்து வீட்டுக்கு வீடு பிள்ளைகளை வாரிக்கொண்டு போனது. எல்லையில் காவல் இல்லாமல்தான் இப்படி ஆகிறது என்று சாமியை நட முடிவு செய்தார்கள். எங்கே நடுவது என்று பேச்சு வந்தபோது, "பாறை இடுக்குல வைப்போம். மழ படாது" என்றவன் பெரியமுத்துதான். மூத்தவனைப் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தவன் பேச்சை யார் மறுப்பார்கள்? ஆற்றிலிருந்து கல்லைச் சுமந்து வந்தவர்களில் அவனும் ஒருவன். அதற்குப் பிறகு லயத்தில் ஒரு பிள்ளைகூடச் சாகவில்லை. தீட்டோடு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது என்று வழக்கமாயிற்று. அதனால் ஒருவருக்கும் ஒரு கஷ்டமும் வரவில்லை. கீழேதான் ரோடு இருந்ததே!

இடுக்குக்கு முன்னால் பூசாரி நல்லமுத்து நனைந்துகொண்டு நின்றான். குருவம்மாளுக்கு அண்ணன் முறை.

"நா மறிக்கல மாப்ள" என்றான். அவன் அழுதுகொண்டிருந்தான். "குருவு எனக்கும் தங்கச்சிதான. ஆனா உதிரத்தோட அவரு மொகத்துக்கு நேரா கொண்டு போயி, நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஒண்ணு வந்துச்சுன்னா ஆரு பதில் சொல்லுவா?"

"என்னைய என்ன செய்யச் சொல்லுதீக மச்சான்?"

"உத்தரவு கேட்டுப் பாப்போம். சூடம் பத்துச்சுன்னா போயிருங்க."

பூசாரியின் மடியில் கிடந்த தீப்பெட்டி ஊறிப் போயிருந்தது. ஒவ்வொரு குச்சியும் உரசின இடத்திலேயே மருந்து உதிர்ந்து விழுந்தது. நனைந்த குச்சி பற்றாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்தும், சாமி வாய் திறந்து சொல்லிவிட்டதைப் போல எல்லாருடைய முகமும் வெளுத்தது. தூக்கி வந்தவர்கள் மூங்கிலைப் பாறைமேல் சாய்த்துவிட்டு ஒவ்வொருவராகத் தோளை விலக்கினார்கள். ஒருவரும் பெரியமுத்துவின் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் பிள்ளைக்காரர்கள். அவர்களைத் திட்டக்கூட அவனுக்கு வாய் வரவில்லை.

சுருளியம்மாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பின்பக்க மூங்கிலுக்குத் தோள் கொடுத்தாள். "நா நித்தமும் தீட்டுலதான கெடக்கேன், என்னைய என்ன செஞ்சிருவாரு? நீ முன்னால பிடிடா. நேரமில்ல."

பிடித்தான். அவனையும் யாரும் தடுக்கவில்லை. நல்லமுத்துகூட ஒதுங்கி வழி விட்டான். கிழவியின் மூச்சு இரைவது முதுகுக்குப் பின்னால் கேட்டது. நாலு எட்டு வைத்தால் இடுக்கைக் கடந்துவிடலாம்.

முதல் எட்டை வைத்தான். இரண்டாவதும் வைத்தான். கல் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. அப்போதுதான் லயத்தில் பூசாரி பெண்சாதியிடம் விட்டு வந்த மகள் அழகுத்தாயின் நினைப்பு வந்தது. பேதியில் இரண்டு பிள்ளைகளும் படுத்து, ஒன்று மட்டும் எழுந்தது. அது அவள்தான். கிளம்பும்போது, அம்மா எப்ப வரும் என்று அவள் கேட்டதற்கு, இந்தா வந்துருவோம் தாயி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அவள் அண்ணன் கடைசியில் தண்ணி தண்ணி என்று கேட்ட குரல் காதில் விழுந்தது. அவனுக்குக் கால் நகரவில்லை. எடுத்து வை, எடுத்து வை என்று தனக்குள்ளேயே கெஞ்சினான். கட்டினவளைச் சாகவிடுகிறாயே பாவி என்று தன்னையே ஏசினான். தன் காலே தான் சொன்ன பேச்சைக் கேட்காத கொடுமையை யாரிடம் போய்ச் சொல்லுவான்?

"எலேய், நடடா!" என்று கிழவி கதறினாள்.

கம்பளிக்குள்ளிருந்து குருவம்மாள் மெள்ளக் கேட்டாள்.

"ஏன் நின்னுட்டீக? ஆஸ்பத்திரி வந்துருச்சா?"

கம்பளியிலிருந்து பாதையில் சொட்டிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர்தானா என்று குனிந்து பார்க்க அவனுக்குத் துணிச்சல் இல்லை. எதிரே, அவன் பார்த்துச் சொன்ன அதே இடத்தில், மேலே ஒரு துளிகூடப் படாமல் கருப்பசாமி உலர்ந்து நின்றார்.