ஏழாவது பயிற்சி: நோயாளிக்குத் துணை

ஆங்கிலம் எடுக்கும் மிஸ்ஸுக்கு இந்த வருடம் புதுக் கிறுக்கு ஒன்று பிடித்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாயில் வர வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார்ந்தால் போதாதாம். வங்கி, தபால் நிலையம், துணிக்கடை என்று நிஜமான இடங்களில் கொண்டுபோய் விட வேண்டுமாம். போன வாரம் வங்கி மேலாளரிடம் பன்னிரண்டு பேர் வரிசையாகக் கணக்குத் தொடங்குவது எப்படி என்று விசாரித்தார்கள். பதிமூன்றாவது ஆள் வருவதற்குள் மனிதர் சாப்பிடப் போய்விட்டார்.

இது எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதது, ஏழாவது பயிற்சி முளைத்த விதம். மிஸ்ஸுக்கு இரண்டு மாதமாக வயிற்று வலி. மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், கூட ஆள் இல்லாமல் வரக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அண்ணனோடு பேச்சுவார்த்தை அற்றுப்போய் ஒன்பது வருடம். இருந்த ஒரே தோழியும் மகளோடு வெளிநாடு போயாயிற்று. அக்கம்பக்கத்தில் கேட்டால் யாராவது வந்திருப்பார்கள்தான். ஆனால் சாயங்காலத்துக்குள் அவருடைய வயிறு தெருத்தெருவாக ஊர்வலம் போயிருக்கும். எங்கள் தெருக்காரர்களைப் பற்றி அவருக்குத் தெரியும்.

ஆகவே கரும்பலகையில் எழுதிப் போட்டார்: நோயாளிக்குத் துணையாகச் செல்லுதல், பத்து மதிப்பெண். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை கோட்டைவிட்ட கடைசி பெஞ்சுக்காரி கை தூக்கினாள்.

"நோயாளி யாரு மிஸ்?"

"நான்தான்."

"அப்ப டாக்டரு?"

"நிஜ டாக்டரே வருவாரு."

வகுப்பே சிரித்தது.

வியாழக்கிழமை காலை, மருத்துவமனைப் பதிவு மேசைக்காரி ஆங்கிலத்தில் கேட்க, கடைசி பெஞ்சுக்காரி ஆங்கிலத்தில் பொழிந்தாள். என்ன உறவு என்றதற்குக் கண் சிமிட்டாமல் மகள் என்றாள். அம்மாவுக்கு ஊசி என்றால் பயம், மெதுவாகப் போடுங்கள் என்று சொந்தச் சரக்கையும் சேர்த்துக்கொண்டாள். சக்கர நாற்காலியில் இருந்த மிஸ் இரண்டு பிழைகளைக் கவனித்தார். முப்பது வருடத்தில் முதல் முறையாகத் திருத்தாமல் விட்டார்.

மயக்கம் தெளிந்தபோது டாக்டர் அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். சதையைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த வியாழன் முடிவு வரும், அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். அவள் நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "டாக்டர் செம நடிப்பு மிஸ். மூஞ்சியக்கூட சோகமா வச்சிருந்தாரு. நீங்க மட்டும் என்னவாம், அப்படித் தள்ளாடுறீங்க. எனக்கு எவ்ளோ?"

"பத்து."

"பத்துக்குப் பத்தா? வீட்ல நம்பவே மாட்டாங்க."

மிஸ் அவள் தோளைப் பிடித்தபடி படி இறங்கினார். "அடுத்த வியாழனும் வர்றியாம்மா?"

"மார்க் உண்டா மிஸ்?"

இது பயிற்சியே இல்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"இல்ல."

"அப்ப ரெண்டாவது பெஞ்சுல வாயே தொறக்காம ஒருத்தி இருக்கால்ல, அவளுக்கு இந்தப் பயிற்சியக் குடுங்க மிஸ். பாவம், அவளும் ஃபெயிலு. ஒரு தடவ அவளையும் மகளாக்கிடுங்க."

மிஸ்ஸை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, கைகாட்டிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

மிஸ் அந்த இரண்டாவது பெஞ்சுக்காரியை யோசித்துப் பார்த்தார். பெயரைச் சொல்லச் சொன்னாலே தலையைக் குனிந்துகொள்கிற பெண். பரவாயில்லை. முடிவு கேட்கப் போகிற இடத்தில் அவ்வளவாகப் பேச வேண்டியிருக்காது.