கிளிஃப் சொன்ன எதிர்க்காற்று

கிளிஃப் தன் காசில் யாருக்கும் எதுவும் வாங்கித் தந்ததில்லை. சுரங்கத்தில் ஒன்றாகக் கரி வெட்டிய நாளிலிருந்தே, பீர் வாங்கும் முறை தன்னிடம் வந்தால் சரியாக அந்த நேரத்தில் கழிப்பறைக்குப் போய்விடுகிற ஆள். அப்படிப்பட்டவன் நீராவி ரயிலுக்கு மூன்று டிக்கெட் எடுத்து, முட்டை சாண்ட்விச்சும் கட்டிக்கொண்டு, காரோடு வாசலில் வந்து நின்றால் வில்ஃப் என்ன நினைப்பார்?

கூட வந்த நார்மன் வில்ஃபின் கையிலிருந்த பிரம்புக் கூடையைப் பார்த்தான்.

"அதுல என்னடா?"

"நீலப் பெட்டைப் புறா. கடைசி ஸ்டேஷன்ல திறந்து விடுவேன். நாம திரும்புறதுக்குள்ள அது வீட்ல இருக்கும்."

நார்மன் கிளிஃபைப் பார்த்தான். கிளிஃப் கார்ச் சாவியைப் பார்த்தான்.

ரயில் கிளம்பியது. ஜன்னல் வழியே புகை உள்ளே வந்தது. லீட்ஸிலிருந்து வந்த குடும்பம் ஒன்று தலையை வெளியே நீட்டி, ஆகா ஆகா என்று அதை மூச்சோடு இழுத்தது. கரிப்புகையைக் காசு கொடுத்து இழுக்கிறார்கள். புறா இறகின் தூசிதான் வில்ஃபின் நெஞ்சுக்கு ஆகாதாம். டாக்டர் சொன்னதிலிருந்து மகள் லொரைன் அதையே பிடித்துக்கொண்டாள். புறாக்கொட்டகையைப் பிரித்துவிட வேண்டும் என்றாள். "என்னைப் புதைச்சுட்டுப் பிரிச்சுக்கோ" என்றார் வில்ஃப். அதற்குப் பிறகு அவள் பேச்செடுக்கவில்லை. அதுதான் வில்ஃபுக்கு உறுத்தியது. லொரைன் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. நேற்று போன் செய்தபோதும், "எப்பப்பா திரும்புவீங்க?" என்று இரண்டு முறை கேட்டாள்.

"சாப்பிடுடா, முட்டை நல்லா இருக்கு" என்றான் கிளிஃப்.

"நீ சாப்பிடு. நீ வாங்கினது. எனக்கு பயமா இருக்கு."

நார்மன் தேவைக்கு அதிகமாகச் சிரித்தான். வில்ஃபுக்கு இருமல் வந்தது. அது அடங்கும்வரை இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே செம்மறியாடுகளைப் பார்த்தார்கள்.

கடைசி ஸ்டேஷனில் என்ஜினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோக ஆயத்தம் நடந்தது. வில்ஃப் கூடையை நடைமேடை ஓரத்தில் வைத்துத் தோல்வாரைத் தளர்த்தினார். மூடியின் மேல் கிளிஃபின் கை வந்து விழுந்தது.

"இன்னைக்கு வேணாம்டா. எதிர்க்காத்து. திணறிப் போயிடும்."

வில்ஃப் நிமிர்ந்தார். நின்றிருந்த என்ஜினின் புகை ஸ்டேஷன் கூரையைத் தாண்டி, வீடு இருக்கிற பள்ளத்தாக்குப் பக்கமே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. தன் மனைவி போய்ச்சேரும்வரை கிளிஃபும் பந்தயப் புறா வளர்த்தவன்தான். காற்றைத் தெரியாமல் தப்பாகச் சொல்கிறவன் இல்லை.

"புகையைப் பாரு."

கிளிஃப் பார்க்கவில்லை.

"டீ குடிக்கப் போலாம், வாங்கப்பா" என்றான் நார்மன்.

"கொட்டகை இருக்கா?" என்றார் வில்ஃப்.

"லொரைன் அழுதாடா. ராத்திரியெல்லாம் நீ மூச்சுக்குத் தவிக்கிறத..." என்று இழுத்தான் நார்மன்.

"கொட்டகை இருக்கான்னு கேட்டேன்."

"மத்த புறாவெல்லாம் நல்ல கைக்குத்தான் போகும்" என்றான் கிளிஃப் தரையைப் பார்த்தபடி. "என் தம்பி மகன் வந்து எடுத்துக்கிறான்."

"போகும்னா? இன்னும் போகலையா?"

"மத்தியானம்னு லொரைன் சொன்னா. எனக்குத் தெரியலடா. பிரிக்க ஆரம்பிச்சும் இருக்கலாம்."

திரும்புகிற ரயில் கிளம்ப இன்னும் நேரமிருந்தது. வில்ஃபுக்குத்தான் அந்த ரயில் வேண்டும், பெட்டைக்கு வேண்டாம்; கொட்டகை பிரியும் முன் அது பறந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். மூடியின் மேலிருந்த கிளிஃபின் கையை எடுத்து அப்பால் வைத்தார். அது எதிர்க்கவில்லை.

நீலப் பெட்டை விருட்டென்று புகைக்குள் ஏறியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று, அகலமாக. மூன்று கிழவர்களின் கழுத்துகளும் அதோடு திரும்பின. பிறகு அது பள்ளத்தாக்கைப் பார்த்து நேராகப் பிடித்தது.

"சீக்கிரம் போடி" என்று யாரோ மூச்சுக்குள் முணுமுணுத்தார்கள். கிளிஃப்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். வில்ஃப் அவன் பக்கம் திரும்பவில்லை. மலைமுகட்டுக்கு மேலே ஒரு புள்ளி போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே புகையும்.