கீறல் விட்ட கோப்பை

பீங்கான் யூனிட்டில் அம்புஜவல்லிக்குக் காதுதான் வேலை. சூளையிலிருந்து ஆறி வெளியே வரும் கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டுவாள். ‘ணங்’ என்று கேட்டால் நல்லது, இடது பக்கம் போகும். ‘டொக்’ என்று கேட்டால் உள்ளே எங்கோ கீறல் விட்டிருக்கிறது, வலது பக்கம் போகும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழைக் கீறல்கூட அவளிடம் தப்பாது. இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. சந்தேகம் வந்தால் மேஸ்திரியே அவளிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், கை தேர்ந்தவர்கள் யாருக்குத்தான் அது இல்லை?

ஷிப்ட் முடிந்ததும் அவள் நேரே வீட்டுக்குப் போவதில்லை. இரண்டு தெரு தள்ளி, மூடிக்கிடந்த ஒரு பழைய யூனிட்டின் ஷெட்டில், ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆன ஜெயராஜ் பூனைகளுக்கு ஒரு காப்பகம் நடத்தினார். ஜங்ஷனில் அடிபட்டுக் கிடந்தவை, பஸ் ஸ்டாண்டில் யாரோ சாக்கில் கட்டி விட்டுப்போனவை என்று மொத்தம் பதினான்கு பூனைகள். சாயங்காலச் சாப்பாடு அம்புஜவல்லியின் பொறுப்பு. மீன் தலை போட்டுப் பிசைந்த சோற்றை வைத்துவிட்டு, ஒரு நல்ல கோப்பையை எடுத்து ‘ணங் ணங்’ என்று தட்டுவாள். பதின்மூன்று பூனைகள் நாலாபக்கமிருந்தும் பாய்ந்து வரும். சீறலும் அறைதலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதுமாக, கல்யாண வீட்டுக் கடைசிப் பந்தி தோற்றுப்போகும்.

பதினான்காவது வராது. சாம்பல் நிறம், ஒரு காது நுனி கிழிந்த பெட்டைப் பூனை. சூளைக்குள் கோப்பைகளை அடுக்கி வைக்கும் கனத்த மண்பெட்டி ஒன்று ஷெட்டின் மூலையில் சாய்ந்து கிடந்தது. அதற்குள்தான் அதன் குடித்தனம். ‘ணங்’ என்று சத்தம் கேட்டதுமே இன்னும் உள்ளே ஒடுங்கிக்கொள்ளும். ஜெயராஜ் அதற்கு உம்மணாமூஞ்சி என்று பேர் வைத்தார். நாளாவட்டத்தில் அது உம்மணா ஆயிற்று.

மற்றவை தின்று முடித்துக் கலைந்த பிறகு அம்புஜவல்லி அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காருவாள். யூனிட்டில் கழித்துப்போட்ட கோப்பை ஒன்று அங்கே கிடந்தது. அதில் இரண்டு வாய் சோற்றைப் போட்டு நகத்தால் மெதுவாகத் தட்டுவாள். டொக், டொக். முதல் மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதம் மூக்கு தெரிந்தது. நான்காவது மாதம் உம்மணா முழுசாக வெளியே வந்து, அவள் முட்டியில் முதுகை உரசிவிட்டுத் தின்னத் தொடங்கியது. அன்று அவள் யாருமில்லாத ஷெட்டில் உட்கார்ந்து அழுதாள். 

ஆனால் ஷெட்டுக்குக் கெடு வந்துவிட்டது. இடத்துக்காரர் தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஜெயராஜ் பூனைகளின் போட்டோக்களை வாட்ஸப்பில் போட, வீடுகள் கிடைத்து ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. உம்மணாவைப் பார்க்கவும் ஐந்து குடும்பத்தார் வந்தார்கள். பெட்டிக்குள் டார்ச் அடித்து இரண்டு கண்களைப் பார்த்துவிட்டு, “இது கொஞ்சுறதுக்குக்கூட வராதா?” என்று கேட்டார்கள். வராது என்றதும் பக்கத்திலிருந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்புஜவல்லி தன் வீட்டுக்கே கொண்டு போயிருப்பாள். ஆனால் மாமியாருக்கு ஆஸ்துமா. டாக்டர் பூனை முடி ஆகவே ஆகாது என்று சொல்லியிருந்தார்.

ஆறாவதாக வந்தவள் ஆதிலட்சுமி. கருவேப்பிலங்குறிச்சியில் சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். வீட்டுக்காரர் இல்லை, மகன் திருப்பூரில் இருந்தான். அவள் டார்ச் அடிக்கவில்லை. பெட்டிக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் கழித்து எழுந்து, “அடுத்த ஞாயித்துக்கெழம வரேன்ம்மா” என்றாள். அப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தாள். மூன்றாவது வாரம் அம்புஜவல்லி கோப்பையைத் தட்ட, உம்மணா வெளியே வந்து, ஆதிலட்சுமியின் புடவை ஓரத்தை முகர்ந்தது.

“எனக்கும் நாலு பேரு கூடுனா ஆவாதும்மா. எங்க ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவும்” என்றாள் ஆதிலட்சுமி.

அந்த ஒரு வார்த்தைக்கே அம்புஜவல்லிக்கு மனசு நிறைந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம் பிறக்கும் முன்பே அனுப்பிவிட வேண்டும் என்று பரபரத்தாள். பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதுபோல எல்லாம் செய்தாள். கூடையில் புதுத் துண்டு விரித்தாள். மேஸ்திரியிடம் கேட்டு, நீலப்பூ போட்ட முதல் தரக் கோப்பை ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அதற்குக் குங்குமம்கூட வைத்தாள்.

ஆதிலட்சுமி கோப்பையை வாங்கிப் பார்த்தாள். பிறகு கூச்சத்தோடு மூலையைக் காட்டினாள்.

“ஏம்மா, அந்தப் பழசையே குடுங்களேன். அதுக்குப் பழகுனதா இருக்குமில்ல?”

“அய்யய்யோ, அது கீறல் விட்டதுக்கா! மொத மொதல்ல ஒரு வூட்டுக்குப் போவுது, ஒடஞ்சதயா குடுத்தனுப்புவாங்க? வூட்டுக்கு ஆவாது. மூதேவிய கையில புடிச்சுக் குடுத்த மாரி ஆயிடும்.”

“இல்ல, எனக்கு அதெல்லாம் ஒண்ணும்...”

“எனக்கு இருக்குதேக்கா. கழிச்சுப் போட்டத என் கையால ஒருத்தருக்குக் குடுக்க மாட்டேன்.”

நாலு பேர் கூடினாலே ஒதுங்குகிறவள் எதிர்த்தா பேசுவாள்? ஆதிலட்சுமி தலையாட்டிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை போன் வந்தது. “பரண்மேல ஏறிக்கிட்டு எறங்க மாட்டேங்குதும்மா.”

“புது எடம், அப்பிடித்தான் இருக்கும். நீங்க சோத்த வச்சுட்டுக் கோப்பையத் தட்டுங்கக்கா, வந்துடும்.”

செவ்வாய்க்கிழமை, “தட்டத் தட்ட இன்னும் உள்ளாற போவுதும்மா” என்றாள் ஆதிலட்சுமி.

அம்புஜவல்லி அப்போது ஷெட் வேலையை முடித்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தாள். “கேக்கல போலருக்குது. இன்னும் பலமா தட்டுங்க” என்று சொல்லிவிட்டு ஓடினாள். பஸ்ஸில் உட்கார இடமும் கிடைத்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஆதிலட்சுமியின் குரல் உடைந்திருந்தது. பலமாகத் தட்டியிருக்கிறாள். பூனை பரணிலிருந்து குதித்து, அடுப்படி ஜன்னல் வழியாகப் பாய்ந்து போய்விட்டது. தெருவெல்லாம் தேடியும் காணவில்லை.

வியாழக்கிழமை காலையில் அம்புஜவல்லி வழக்கம்போல வேலைக்கு உட்கார்ந்தாள். மனசு வேறெங்கோ இருக்க, கை தன்பாட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. ணங், இடது பக்கம். ணங், இடது பக்கம். டொக், வலது பக்கம். அந்த ‘டொக்’கில் கை அப்படியே நின்றுவிட்டது.

நல்ல கோப்பையை எடுத்து ஒரு தட்டு தட்டினாள். பதின்மூன்று பூனைகள் பாய்ந்து வருகிற சத்தம் அது. உம்மணாவுக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான்: ஒளிந்துகொள். கீறல் கோப்பையைத் தட்டினாள். எல்லாரும் போய்விட்டார்கள், நீ வரலாம் என்று சொல்லும் சத்தம் இது. ஒரு வருஷமாக அந்தப் பூனைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, அவளேதான். அந்தப் பாவப்பட்ட மனுஷி மூன்று நாளாக, வா வா என்று நினைத்துக்கொண்டு, போ போ என்று தட்டியிருக்கிறாள். இன்னும் பலமாகத் தட்டச் சொன்னதும் அம்புஜவல்லிதான்.

இரண்டு சத்தத்தையும் பிரித்துச் சொல்லியே இருபத்திரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவள். பூனைக்கும் இரண்டு காது இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்கள். இங்கே தாழி முன்பே கீறல் விட்டிருந்தது. அதைத் தூக்கிக் கொடுத்திருந்தால் போதும்.

மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஷெட்டுக்கு ஓடினாள். மண்பெட்டிக்குப் பக்கத்தில் கோப்பை அப்படியே இருந்தது, அடியில் காய்ந்த இரண்டு பருக்கையோடு. அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஏறினாள்.

ஆதிலட்சுமி வாசலில் காத்திருந்தாள். இருவருமாகத் தெருத்தெருவாக நடந்தார்கள். வைக்கோல் போர், மாட்டுக் கொட்டகை, ரேஷன் கடைப் பின்புறம், கரும்புக் கொல்லை ஓரம் என்று ஓரிடம் விடவில்லை. அம்புஜவல்லி அங்கங்கே குந்தி உட்கார்ந்து, டொக், டொக் என்று தட்டினாள். “உம்மணா, நான்தான்டி, வா” என்று கூப்பிட்டாள். எதிரே வந்தவர்கள் சிரித்தார்கள். கொட்டகைக்காரர் மட்டும், சாம்பல் பூனை ஒன்று அன்று விடிகாலையில் கொல்லைப் பக்கம் ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார். கரும்பு ஆள் உயரம் நின்றது. உள்ளே எதுவும் அசையவில்லை.

பொழுது சாயும்வரை தட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கோப்பையை ஆதிலட்சுமியின் கையில் கொடுத்தாள். இந்தத் தடவை ஆகும் ஆகாது என்று எதுவும் சொல்லவில்லை. ஆதிலட்சுமி அதைத் துடைத்து, சாமி மாடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

தை பிறந்தது. ஷெட்டைக் காலி செய்தார்கள். மிச்சமிருந்த இரண்டு பூனைகளை ஜெயராஜ் தன் வீட்டுக்கே கொண்டு போனார். மண்பெட்டியை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஆதிலட்சுமி தினமும் சாயங்காலம் கொல்லை ஓரத்தில் உட்கார்ந்து தட்டினாள். முடித்ததும் அம்புஜவல்லிக்குப் போன் செய்வாள். “இன்னைக்கும் வரலம்மா” என்பாள். வேறு பேச்சு இருக்காது. கோபித்துக்கொண்டிருந்தால், திட்டியிருந்தால், அம்புஜவல்லிக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும். ‘நான் அன்னைக்கே கேட்டேனே’ என்று ஒரு நாள்கூட அவள் வாயிலிருந்து வரவில்லை. வராத அந்த வார்த்தைக்காகவே அம்புஜவல்லி தினமும் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் அவளால் முடியவில்லை.

“அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டீங்க. நான்தான் குடுக்கல.”

அந்தப் பக்கம், டொக், டொக். போனில் கேட்டாலும் அவள் காதுக்கு அது தப்பவில்லை.

“நாளைக்கும் தட்டிப் பாக்குறேன்ம்மா” என்றாள் ஆதிலட்சுமி.