தொட்டிக்குள் ஒரு கரண்டி

சின்னவளுக்கு வேலை, ஊரில் உள்ள தொழிற்சாலைகளுக்கெல்லாம் மோட்டாரைத் தானாக ஓட வைப்பது. பதினான்கு வருடமாக ஒரு பட்டறையில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு ஒயர் கோத்துக் கொண்டிருந்தாள். தொட்டியில் தண்ணீர் இறங்கினால் மோட்டார் தானே ஓடும், நிறைந்தால் தானே நிற்கும். அவள் கை பட்ட பெட்டிகள் நூல் மில்லிலும் சாயப்பட்டறையிலும் சொன்ன பேச்சுக் கேட்டு நடந்தன. அவள் வீட்டு மோட்டார் மட்டும் அவள் பேச்சைக் கேட்காது. ஏனென்றால் அதன் சுவிட்ச் இன்னொருத்தியின் சமையலறையில் இருந்தது.

இன்னொருத்தி என்பது ஓரகத்தி, பெரியவள். கீழ்த்தளத்தில் புருஷனின் அண்ணன் பெரியவரும் பெரியவளும், மாடியில் சின்னவளும் அவள் புருஷனும். மொட்டைமாடியில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே தொட்டி. கொல்லையில் ஒரே மோட்டார், மாமனார் போகிற காலத்தில் இரண்டு பிள்ளைகளுக்கும் பொதுவில் விட்டுப்போனது. கீழ்வீட்டுக்குத் தெருக்குழாய்த் தண்ணீர் தனியாக வரும் என்பதால் தொட்டி காலியான சேதி மாடிக்குத்தான் முதலில் தெரியும். தெரிந்ததும் சின்னவள் பதினெட்டுப் படி இறங்கி, சமையலறை வாசலில் நின்று, "அக்கா, மோட்டார் போடுங்க" என்பாள். பெரியவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அடுப்பைத் துடைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, கைத்துணியைப் பிழிந்து உதறிய பிறகுதான் அவள் கை சுவிட்சுக்குப் போகும். பதினோரு வருடம், தினம் ஒரு தடவை, விருந்தாளி வந்தால் இரண்டு.

ஒருநாள் சின்னவள் தலையில் சோப்போடு இறங்கி வர வேண்டியதாயிற்று. கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பெரியவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்காமலே, மாடியில் இருப்பது இரண்டு பேரா இரண்டு யானையா என்று விசாரித்தார். பெரியவள் அன்றும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தாள்.

கண் எரிச்சல் அரைமணி நேரத்தில் போய்விட்டது. மற்ற எரிச்சல் போகவில்லை. இனி அந்த வாசலில் போய் நிற்பதில்லை என்று சின்னவள் அன்றைக்கு முடிவு செய்தாள். தண்ணீர் கிடைப்பது கிடைக்காதது அப்புறம். நிற்பதில்லை, அவ்வளவுதான்.

புருஷனிடம் சொன்னாள். அவன் சண்டை நடக்கும் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நடந்து போகிற ரகம். "அண்ணிதானே, விடேன்" என்றான். பதினோரு வருடமாக அவன் விட்டதையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு மாடி கட்டியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

பட்டறையில் ஒரு பச்சைப் பெட்டி மூலையில் கிடந்தது. வண்டியில் ஏற்றும்போது விழுந்து ஒரு பக்கம் நசுங்கியதால் வாடிக்கையாளர் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. அவள் கேட்டதும் முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா விடவில்லை. ஊர் மோட்டாரையெல்லாம் ஓட்டுகிற அக்காவுக்கு வீட்டு மோட்டாரை ஓட்டச் சிபாரிசு தேவைப்பட்டதா என்று ஒரு வாரம் ஓட்டினார்கள். அவள் காதில் வாங்காமல் ஒயரைக் கோத்தாள். பட்டறை வாசலில் இருந்த இரும்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு கம்பிகளைத் தொங்கவிட்டுச் சோதித்தாள். நீளக்கம்பிக்குக் கீழே தண்ணீர் இறங்கியதும் பெட்டி 'டக்' என்றது. குட்டைக் கம்பியைத் தண்ணீர் தொட்டதும் மறுபடி 'டக்'. பத்துத் தடவை பார்த்தாள். பத்துத் தடவையும் சொக்கத் தங்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்கக் கொல்லையில் இறங்கினாள். ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது. மோட்டாருக்குப் பக்கத்துச் சுவரில் பெட்டியை மாட்டினாள். மின்சாரத்தைத் தன் வீட்டு மீட்டரிலிருந்து தனி ஒயரில் இறக்கினாள், நாளைக்கு 'எங்கள் கரண்ட்' என்று ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள். சமையலறைச் சுவிட்சிலிருந்து வந்த பழைய ஒயரை மோட்டாரிலிருந்து கழற்றி, முனையை மூடி, சுவரில் இருந்த இணைப்பு டப்பாவுக்குள் ஒடுக்கினாள்.

பெரியவர் பனியனோடு வந்து நின்றார். கொஞ்சநேரம் பெட்டியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு இதெல்லாம்?"

"யாரையும் கேக்கல மாமா. இனிமே கேக்கக் கூடாதுன்னுதான் செய்யறேன்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பிச் சிரித்தார். ஆடட்டும், எவ்வளவு தூரம் ஆடினாலும் சுவிட்ச் நம் அடுப்படியில்தானே இருக்கிறது என்றார். சின்னவள் திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்ததால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லவும் அவசரமில்லை.

கம்பி இரண்டையும் தொட்டிக்குள் இறக்கிவிட்டுப் பெட்டியை உயிர்ப்பித்தாள். தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்தில் கிடந்தது. 'டக்.' மோட்டார் உறுமிக்கொண்டு எழுந்தது. யாரும் எதையும் போடவில்லை, யாரும் யாரிடமும் நிற்கவில்லை. அவள் புருஷன்கூட மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் பார்க்காதபோது, புன்னகை செய்தான். சின்னவள் மாடிக்குப் போய் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக மோட்டார் சத்தத்தைப் பாட்டு மாதிரி கேட்டாள்.

பாட்டு கொஞ்சம் நீண்டுவிட்டது.

இருபது நிமிடத்தில் நிற்க வேண்டியது, அரைமணி ஆகியும் ஓடியது. முதலில் மொட்டைமாடி ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. பிறகு ஒரு பட்டையாக. பிறகு பெரியவள் கொடியில் காயப்போட்டிருந்த போர்வைகள் மேல், அளந்து விட்டாற்போல, அருவி இறங்கியது. "அணை, போய் அணை!" என்று பெரியவர் மனைவியை விரட்டினார். பெரியவள் சமையலறைக்கு ஓடினாள். சுவிட்சைக் கீழே தட்டும் சத்தம் கேட்டது. மேலே தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் கீழேயும் மேலேயுமாக ஏழெட்டுத் தடவை. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள் படியில் பாய்ந்து வந்து பெட்டியை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் போர்வைகள் சொட்டுவது மட்டும் கேட்டது.

"சுவிட்ச் வேலை செய்யல" என்றாள் பெரியவள், வாசலில் நின்று.

"அதுல இப்ப ஒண்ணும் இல்ல அக்கா. வெறும் சுவிட்ச்."

பெரியவரின் முகம் போன போக்கைப் பார்த்து மாடியிலிருந்த புன்னகை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. நாளைக் காலைக்குள் பழைய ஒயர் பழைய இடத்துக்குப் போக வேண்டும், சின்னவள் கீழே வந்து, இனிமேல் கேட்டுத்தான் போட்டுக்கொள்வேன் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதுவரை மோட்டார் ஓடக்கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். ஒரே நல்ல விஷயம், அவளுடைய தவறின் தயவால் தொட்டி கழுத்துவரை நிறைந்திருந்தது. நாளை வரை தாங்கும்.

புருஷன் அன்று முழுவதும் அவளைச் சுற்றிச்சுற்றி வந்தான். ஒரு வார்த்தைதானே, அதுவும் வாயால்தானே, காசா பணமா என்றான்.

"அப்போ நீங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அவன் சொல்லப் போகவில்லை. அவன் அந்த வாசலில் ஒருநாளும் நின்றதில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஒயரையும் கம்பியையும் நாலு தடவை சோதித்துவிட்டாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்து ஒன்று தவறாக நடந்தால் தவறு பொருளில் இல்லை, ஆளிடம்தான் என்று முதலாளி அடிக்கடி சொல்வார். சாயங்காலம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரும்புச் சட்டியை எடுத்துப் பிளாஸ்டிக் வாளிக்குள் போட்டாள். கை அப்படியே நின்றது.

பீப்பாய் இரும்பு. மொட்டைமாடித் தொட்டி பிளாஸ்டிக்.

அவள் பெட்டி செய்துகொடுத்த தொழிற்சாலைகளில் எல்லாம் இரும்புத் தொட்டிகள். பெட்டியிலிருந்து கிளம்புகிற கொஞ்சூண்டு மின்சாரம் கம்பி வழியாகப் போய், தண்ணீரைக் கடந்து, தொட்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பி வரும். திரும்பி வந்தால்தான் பெட்டிக்கு, ஓகோ, தண்ணீர் இருக்கிறது என்று புரியும். பிளாஸ்டிக்கில் அது எப்படித் திரும்பி வரும்? பாவம், அந்தப் பெட்டி கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு, காய்ந்து கிடக்கிறது, காய்ந்து கிடக்கிறது என்று நினைத்து இறைத்துத் தள்ளியிருக்கிறது. திரும்பும் வழிக்கு மூன்றாவதாக ஒரு கம்பி வேண்டும். பட்டறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக்கொடுக்கிற பாடம். சின்னவள் சோப்புக் கையால் தலையில் அடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தாள். புருஷன் பயந்துபோய் எட்டிப்பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நல்ல துருப்பிடிக்காத எவர்சில்வர் வீட்டில் எங்கே இருக்கிறது? அலமாரியில் இருந்தது, கூட்டத்துக்குப் பரிமாறுகிற நீளக் கரண்டி. கல்யாணத்தில் யாரோ கொடுத்தது, விருந்து வைக்காத வீட்டில் சும்மா கிடந்தது. காம்பின் ஓட்டையில் ஒயரை முறுக்கி, நீர் புகாமல் சுற்றி, வெளிச்சம் இருக்கும்போதே மொட்டைமாடி ஏறித் தொட்டியின் அடிவரை இறக்கி, ஒயரின் மறுமுனையைப் பெட்டியில் சேர்த்தாள்.

திங்கள் விடிந்ததும், தீர்ப்பைக் காதில் வாங்காமல், பெட்டியை மறுபடி உயிர்ப்பித்தாள். இரண்டு வீட்டிலும் குளித்து முடித்து, தொட்டி மட்டம் இறங்கியது. 'டக்.' மோட்டார் ஓட ஆரம்பித்தது. பெரியவர் கொல்லைக்கு வந்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கையில் குடை. விரித்துப் பிடித்துக்கொண்டு, தொட்டிக்கு நேர் கீழே, வேண்டுமென்றே நின்றார். சின்னவள் பெட்டிக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றாள். வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் நகரவில்லை. அவரும் நகரவில்லை.

பத்து நிமிடம். பதினைந்து. பதினெட்டு.

'டக்.'

மோட்டார் நின்றது. மேலேயிருந்து ஒரு சொட்டு விழவில்லை. பெரியவர் நம்பாமல் இன்னும் ஐந்து நிமிடம் குடைக்குள் நின்றார். பிறகு குடையை மடக்காமலே, சரி, ஓடுகிறதல்லவா, நல்லது, இந்தப் பெட்டியை நம் அடுப்படிக்குள் மாற்றிவிடு, வெளியில் கிடந்தால் எவனாவது கை வைப்பான் என்றார். சாதாரணமாக, பேப்பரை எடுத்து வரச் சொல்கிற குரலில்.

"மாட்டேன்."

அந்த வீட்டில் அவள் முதல்முறையாகச் சொன்ன சொல் அது. சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"இது யார் வீட்டுக்குள்ளயும் போகாது மாமா. என் வீட்டுக்குள்ளயும் இல்ல. இங்கயே இருக்கும், பூட்டும் கிடையாது. கையால ஓட்டணும்னா இந்தக் குமிழத் திருப்பணும், யார் வேணா திருப்பலாம்."

குடும்பம் என்றால் ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று அவர் குரலை உயர்த்தினார். சுவிட்ச் ஒருத்தர் பொறுப்பில் இருந்ததால்தான் இத்தனை வருடம் ஒரு சொட்டு வீணாகவில்லை என்றார்.

"யார் பொறுப்புல?" என்று கேட்டது பெரியவள். ஈரப் போர்வையை மறுபடி கொடியில் உதறிக்கொண்டிருந்தவள், திரும்பாமலே பேசினாள். "நீங்க ஒருநாள் போட்டிருப்பீங்களா? ஒரு சொட்டு வழிஞ்சா என்னைத்தானே பிடிச்சீங்க. போட்டுட்டா இருபது நிமிஷம் தொட்டி வழியுதான்னு காத வச்சிக்கிட்டு நிக்கணுமேன்னு, கைவேலைய முடிச்சிட்டுப் போட்டேன். மூணு நாள் என் தங்கச்சி வீட்டுல போய் இருக்க முடிஞ்சுதா? தொட்டிக்குக் காவல்."

சின்னவள் அவளைப் பார்த்தாள். பதினோரு வருடமாகத் தன்னைக் காக்க வைத்த அந்தப் பாத்திரம் கவிழ்ப்பும் துணி உதறலும் வேறு மாதிரித் தெரிந்தன. அதற்காக எரிச்சல் முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பெரியவளும் கட்டிப்பிடித்து அழுகிற ஆள் இல்லை.

"இவளே, அந்தச் செத்த சுவிட்சக் கழட்டிட்டு, அங்க மிக்ஸிக்கு ஒரு பிளக் வச்சுக் குடு. அடுப்புக்கிட்ட ஒரே ஒரு பிளக்க வச்சுக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்."

பெரியவர் அதெல்லாம் ஒன்றும் வேண்டாம் என்றார். பெரியவள் அதற்குள் உள்ளே போய் அலமாரியில் இருந்த டப்பாக்களை இறக்கிவைக்க ஆரம்பித்திருந்தாள். சின்னவள் பட்டறைக்குப் போன் செய்து அரைநாள் விடுப்புச் சொன்னாள். திருப்புளியோடு அந்த வாசலைத் தாண்டி உள்ளே போய், மேடைமேல் ஏறி உட்கார்ந்து, சுவிட்சைப் பெயர்த்தாள். பின்னால் பதினோரு வருட ஒட்டடை இருந்தது.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. பெரியவள் ஊறவைத்ததைப் போட்டு மிக்ஸியை ஓடவிட்டாள். அது பழைய மிக்ஸி, மோட்டாரைவிட அதிகமாகக் கத்தும். ஹாலிலிருந்து பெரியவர் ஏதோ சொன்னார். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. மூன்று தடவை சொன்னார். பெரியவள் மிக்ஸியை இன்னும் ஒரு சுற்று கூட்டி வைத்தாள்.