வகுப்புக்கு வந்த கடல்

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த மேலாண்மைக் கல்லூரியில் கேஸ்கள் நேரில் வரும். மற்ற கல்லூரிகளில் கஷ்டத்தில் இருக்கும் ஒரு கம்பெனியின் கதையை அச்சடித்துக் கொடுத்து, படித்துவிட்டு வந்து விவாதியுங்கள் என்பார்கள். இங்கே கம்பெனியே வந்து வகுப்பின் நடுப்பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். சுற்றிலும் படிப்படியாக ஏறும் வரிசைகளில் மாணவர்கள் இருந்து, என்ன செய்யலாம் என்று பேசி, கை தூக்கி முடிவு சொல்வார்கள். கம்பெனி எழுந்துபோய் அப்படியே செய்யும். யாருடைய யோசனை ஜெயித்ததோ அவர் கூடவே போய் நடத்திக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்த ஜெசிந்தா முதல் நாள் ஒரு பிஸ்கட் கம்பெனியைப் பார்த்தாள். அடுப்புகளும் வெள்ளைத் தொப்பிக்காரர்களும் வெண்ணெய் வாசனையுமாக அது பள்ளத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஒரு பஸ் கம்பெனி வந்தது. பஸ்கள் ஒவ்வொன்றாகப் படியிறங்கி, ஒன்றோடொன்று உரசாமல் வட்டமாக நின்றன. கண்டக்டர்கள் விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையன்களும் பெண்களும் தங்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கைகட்டிக் கேட்டார்கள். இப்படியெல்லாம் பார்க்கக் கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் வந்து சேர்ந்திருக்கலாமே என்று ஜெசிந்தாவுக்கு இருந்தது.

அதுதான் அவளுக்கு வினையாகவும் ஆயிற்று. அவள் வாய் திறந்துதான் இருந்தது, பேச்சுத்தான் வரவில்லை. முதல் மூன்று வாரத்துக்குள் வகுப்பில் ஒரு வார்த்தையாவது பேசாதவர், நான்காவது வாரத் தொடக்கத்தில் தாமே கேஸாகப் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். மற்றவர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள். போன வருடம் அப்படி உட்கார்ந்த ஒருவரை அவருடைய தம்பியோடு இணைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. இருவரும் ஒரே ஆளாக இப்போது சேலத்தில் நல்ல வேலையில் இருக்கிறார். ஜெசிந்தாவின் அறைத்தோழி ஹம்சவேணி கெட்டிக்காரி, முதல் நாளே ஆறு முறை பேசியவள். எதையாவது சொல்லித் தொலைத்துவிடு, தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, இங்கே தப்பைக் கூட மதிப்பார்கள் என்று தினமும் தலையில் அடித்துக்கொண்டாள். ஜெசிந்தாவும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போவாள். உள்ளே போனால் அன்றைக்கு ஒரு சர்க்கரை ஆலை சக்கரங்கள் சுழலப் புகைபிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் கன்னத்தில் கைவைத்துவிடுவாள்.

மூன்றாவது வாரத்தின் கடைசி நாள், வகுப்புக்குள் நுழையும்போது ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். அப்பா சவரிமுத்து கடலுக்குப் போகிறவர்.

"ஏட்டி, காலையிலயிருந்து கடலைக் காணல. உங்க காலேஜுக்கா வந்துருக்கு?" என்றார்.

அவள் எட்டிப் பார்த்தாள். "ஆமாப்பா. இப்பதான் உக்காந்துச்சு."

"எப்ப விடுவாங்கன்னு கேட்டுச் சொல்லு. நான் கரையில நிக்கேன்" என்று போனை வைத்தார்.

கடல் பள்ளத்தில் கொஞ்சம் கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தது. இடம் போதவில்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. எதிர்வரிசை மட்டும் அடிவானத்துக்கு அப்பால் போய்விட்டதால், அங்கே இருந்தவர்கள் மைக்கில் பேசினார்கள். பச்சை வெளிச்சம் எல்லார் முகத்திலும் ஆடியது. பிறந்ததிலிருந்து பார்த்த கடல்தான், ஆனால் மேலே உட்கார்ந்து அதன் அடிவரை பார்ப்பது ஜெசிந்தாவுக்கு அதுதான் முதல் தடவை. கீழே மீன்கூட்டங்கள் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கென்று கேட்டால், அழகாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பாள்.

பேராசிரியர் வரதராஜுலு வழக்கம்போல, எங்கே கை வைக்கலாம், சொல்லுங்கள் என்று ஆரம்பித்தார். ஹம்சவேணி எழுந்து, ஆள் வராத கரைகளை மூடிவிட்டு நாலைந்து நல்ல கரைகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்றாள். கரூர்க்காரன் நவநீதன் அதற்கும் மேலே போனான். ஒவ்வொரு அலையும் அவ்வளவு தூரம் கரைக்கு வந்து, ஒன்றையும் முடிக்காமல் வெறுங்கையோடு திரும்புகிறது. உலகத்திலேயே இதைப்போல வீண் அலைச்சல் கிடையாது. அலையை நிறுத்திவிடலாம் என்றான். வகுப்பு மேஜையைத் தட்டியது. பேராசிரியர் அதைப் பலகையில் எழுதி அடிக்கோடிட்டார். கடல் ஒரு அலையைப் பாதி தூக்கி, தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் ஜெசிந்தா கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். முடிவானால் முடிவானதுதான், மாற்ற முடியாது. அலை இல்லாத கடலின் முன்னால் அப்பா நிற்பதை நினைத்துப் பார்த்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"சார், எதையும் தொட வேண்டாம். இப்படியே கொண்டுபோய் விட்டுறலாம்."

வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் காரணம் கேட்டார்.

"எங்கப்பா கரையில நிக்காங்க."

பேராசிரியர் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். பலமான காரணம்தான் என்று அதையும் பலகையில் எழுதி, கை தூக்கச் சொன்னார். முதலில் யாரும் தூக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு திமிங்கிலம் மெதுவாகப் புரண்டு படுத்தது. ஹம்சவேணி அதையே பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினாள். பிறகு வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. அடிவானத்துக்கு அப்பாலிருந்து மைக்கில் சம்மதம் வந்தது. நவநீதன்தான் கடைசி. தன் யோசனை தோற்றதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பாதியில் நின்றிருந்த அலை வந்து விழுந்ததில் முழங்கால்வரை நனைந்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

யோசனை ஜெசிந்தாவுடையது என்பதால் அவளே கூட்டிக்கொண்டு போனாள். அவள் முன்னால் நடக்க, கடல் பின்னால் வந்தது. நாற்கர சாலையில் லாரிகள் ஓரங்கட்டி வழிவிட்டன. கோவில்பட்டியில் ஒரு கல்யாணக் கூட்டம் சாலையைக் கடக்கும்வரை கடல் நின்று பொறுத்துப் புறப்பட்டது. ஒரு தடவைகூட அது அவளைத் தாண்டிப் போகவில்லை. அவள் நடையைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. இவ்வளவு பெரியது தன்னை நம்பி வருகிறதே என்று நினைத்தபோது அவளுக்கு மார்பு விம்மியது.

மறுநாள் வெயில் தாழ ஊர் வந்தது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுந்தரையில் சாய்ந்து கிடந்த படகின் பக்கத்தில் நின்றிருந்தார். லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்கிறவரைப் போல இரண்டு கையையும் ஆட்டி, வரட்டும் வரட்டும் என்று கடலை உள்ளே விட்டார். படகு நிமிர்ந்தது. அலை வந்து அவர் காலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. கடல் இல்லாத நேரத்தில் அம்மாவின் தம்பி ததேயு கடலடியில் ஒரு டீக்கடை போட்டுவிட்டார். வியாபாரமும் நன்றாகவே நடந்தது. கடையை நனைக்காமல் போகுமா என்று அப்பா கேட்கச் சொன்னார். ஜெசிந்தா கேட்டாள். கடல் கடையைச் சுற்றிக்கொண்டு போய், தன் இடத்தில் உட்கார்ந்தது.

அப்பாவும் மகளும் ஏணி வைத்துக் கடைக்கு இறங்கினார்கள். நாலு பக்கமும் தண்ணீர் சுவராக நின்றது. மேலே வட்டமாக வானம் தெரிந்தது. இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்தார்கள்.

"காலேஜுல பேசுதியாட்டி?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"நேத்துப் பேசிட்டேம்ப்பா."

அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். மைத்துனரைக் கூப்பிட்டார்.

"மச்சான், எம்மவ பேசிட்டா. எல்லாருக்கும் டீ போடும்."

ததேயு தண்ணீர்ச் சுவரைச் சுற்றிப் பார்த்தார். மீன்கள் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு அடுக்கடுக்காக நின்றன. அடுப்பிலிருந்த சின்னப் பாத்திரத்தை இறக்கிவிட்டு, கல்யாணத்துக்கு எடுக்கும் பெரிய பாத்திரத்தை ஏற்றினார்.