வாலில் இருந்த மூச்சு

பாட்டுகளைப் பதிவு செய்து கொடுப்பவள் நான். பாடகர்கள் என்னைக் ‘கத்தரி’ என்பார்கள். வரிக்கும் வரிக்கும் நடுவே அவர்கள் இழுக்கும் மூச்சையெல்லாம் வெட்டி எறிந்துவிடுவேன். பாட்டுக் கேட்க வருகிறவன் பாட்டைக் கேட்கட்டும், நுரையீரலை எதற்குக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தப் பெயரை வைத்தவன் என் தம்பி. அவனும் பாடகன்தான். பட்டப்பெயர் வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவன் வண்டியில் போகும்போது லாரி மோதி இறந்தான். அவன் பாடிவிட்டுப் போன எட்டுப் பாட்டையும் குரலும் வாத்தியமும் சேர்த்து நான்தான் கலந்து முடித்தேன். முடித்த அன்றே மாலை அவை மாஸ்டரிங்குக்குப் போக வேண்டும். பாட்டுகளை வெளியிடும் முன் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து மெருகேற்றுகிற வேலை அது. அதைச் செய்கிறவருக்குத் தம்பி வைத்த பெயர் ‘கடைசிக் காது’. சரியான முசுடு. சத்தத்தை நசுக்கி அனுப்பாதே, நான் ஏற்றுவதற்கு மேலே இடம் விடு, பாட்டின் வாலை நறுக்காதே, கடைசி அதிர்வு தானாக அடங்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் போனில் அதே பல்லவியைப் பாடுவார்.

பாடட்டும். சத்தத்தை அமுக்கி வைத்திருந்த லிமிட்டரைக் கழற்றினேன். வால்களை நீளமாக விட்டேன். பிறகு ஒவ்வொரு வாலையும் வால்யூமை முழுக்க ஏற்றி வைத்துக் கேட்டேன். இங்கே எறும்பாக இருக்கிற இரைச்சல் அவரிடம் போனதும் யானையாகிவிடும்.

ஏழு பாட்டில் ஒன்றுமில்லை. எட்டாவதில் வயலின் அடங்கிய பிறகு, என் எதிரே யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

எதிரே இருந்தது வெறும் சுவர். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே அளவில் வருகிற சத்தம் நடுச்சுவரிலிருந்து வருவது போலத்தான் கேட்கும். இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. தெரிந்தும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினேன். அந்த மூச்சின் முனையில் மெல்லிய விசில் ஒன்று இருந்தது. சின்ன வயதில் மாடிப்படியில் உருண்டு மூக்கை உடைத்துக்கொண்ட நாளிலிருந்து தம்பியோடு ஒட்டிக்கொண்ட விசில். பட்டப்பகல்தான். ஆனாலும் திரும்பிக் கதவைப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது.

அவன் குரல் டிராக்கை மட்டும் தனியாக ஓட்டினேன். நிசப்தம். அங்கே மூச்சு எப்படி இருக்கும், வெட்டியவளே நான்தானே. வயலின் மைக்கைத் திறந்தேன், அதில் இருந்தான். கிடார் மைக்கிலும் இருந்தான். கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக நின்று பாட மாட்டேன், எல்லாரும் ஒரே அறையில் முகம் பார்த்து வாசித்தால்தான் பாட்டு என்று அடம்பிடித்துப் பதிந்தவை இந்தப் பாட்டுகள். அதனால் ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கிலும் ஏறியிருந்தது. அவன் மைக்கிலிருந்து அவனைச் சுத்தமாகத் துடைத்திருந்தேன். மற்றவர்கள் மைக்கிலெல்லாம் அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

“செத்தும் அடங்க மாட்டியாடா?” என்று சுவரைத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

வாலைக் கொஞ்சம் முன்னாலேயே வெட்டிவிட்டால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. கர்சரைக் கொண்டுபோய் அங்கே வைத்தேன். அப்போது அழைப்பு மணி அடித்தது. தம்பி மனைவி.

அவள் சரி என்று சொன்னால்தான் பாட்டு வெளியே போகும். அவன் போன பிறகு இந்த அறைப் பக்கமே வராதவள். ஒரே ஒரு தடவை கேட்கிறேன் என்று சொல்லியிருந்தாள். என் நாற்காலியில் உட்கார வைத்து, எட்டையும் வழக்கமான சத்தத்தில் ஓட்டினேன். அந்தச் சத்தத்தில் வாலில் இருப்பது காதில் விழாது. முகத்தில் சலனமே இல்லாமல் கேட்டாள்.

“பாட்டு நல்லாருக்கு அண்ணி. ஆனா இதுல அவரு இல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. ராப்பகலாக உழைத்திருக்கிறேன், அவன் இல்லாமல் வேறு யாராம் என்று கேட்டேன்.

“அந்த விசில் எங்க அண்ணி? பக்கத்துல அது கேக்காம எனக்கு இப்பல்லாம் தூக்கமே வர்றதில்ல. இதுலயாவது இருக்கும்னு நம்பி வந்தேன்.”

வால்யூமை முழுக்க ஏற்றி எட்டாவதின் வாலை ஓட்டினேன். அவன் மூச்சை இழுத்தான். பாதியில் நின்றது. அவள் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் என்ன என்று கேட்டாள். அப்புறம் ஒன்றுமில்லை, பாடி முடித்ததும் கையைக் காட்டுவான், உடனே நான் பதிவை நிறுத்திவிடுவேன், அன்றைக்கும் காட்டினான் என்றேன்.

“ஏதோ சொல்ல வர்றாரே. என்ன சொன்னாரு?”

எனக்குத் தெரியும். உன் பேரைச் சொன்னான் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்தது. இவளிடம் பொய் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

“வண்டிச் சாவி எங்கேக்கான்னு கேட்டான்.”

அந்தச் சாவியை எடுத்துக்கொண்டுதான் அவன் கிளம்பினான். திரும்பி வரவில்லை.

என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். வீட்டிலும் தினம் இதே கூத்துதான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுவார் என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

“வெட்டிடாதீங்க அண்ணி,” என்றாள்.

வெட்டிய மூச்சையெல்லாம் எட்டுப் பாட்டிலும் திருப்பி ஒட்டினேன். முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை. எட்டாவது ஃபைலின் பெயரோடு ‘வாலைத் தொடாதே’ என்று சேர்த்தேன். இந்த மூச்சு எதற்கு என்று கடைசிக் காது குதிப்பார், குதிக்கட்டும்.

அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டினேன். வயலின் அடங்கியது. நடுச்சுவரில் அவன் விசிலோடு மூச்சை இழுத்தான். அதோடு ஸ்பீக்கர் நின்றது. பக்கத்தில் அவள் அந்த மூச்சை மெல்ல வெளியே விட்டாள்.