நீலப் பேசினுக்குள் கயிறு

...உடுப்புத் தோய்க்கிற அந்த நீலப் பேசினில் பிழை இருக்க முடியாது, நேற்றுப் பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து ஆணியைக் காய்ச்சிக் காய்ச்சி அதன் அடியில் பதினான்கு துளை போட்டவன் அவன்தான், அலை தெறித்து உள்ளே விழும் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும், தடித்த தங்கூசியை, அந்த நைலோன் நரம்பை, விரல் நீளத்துக்கு வெட்டி அடி முழுக்க முள்ளுப் போல நட்டவனும் அவன்தான், விழுகிற கயிறு உருண்டு ஒரு பக்கமாகக் குவியாது, பழைய சைக்கிள் டியூபில் இடுப்புப் பட்டியும் வைத்தாயிற்று, பிறகு ஏன், மாதாவே, பிறகு ஏன் இந்தக் கயிறு வீச்சுக்கு வீச்சு முடிச்சோடு எழும்புகிறது... எத்தாளைக் கரையில் முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு கில்பட் வாய்க்குள் வந்த சொல்லை விழுங்கினான். தவக்காலம் முடியும்வரை கெட்ட வார்த்தை பேசுவதில்லை என்று விபூதிப் புதனன்று நேர்ந்துகொண்டது, இருபத்து மூன்று நாள் எப்படியோ வந்துவிட்டான், இன்றைக்கு விடிந்ததிலிருந்து இது ஏழாவது விழுங்கல்.

பக்கத்தில் சாஹுல் ஹமீது நானா முடிச்சை நகத்தால் கிளறிக்கொண்டு நின்றார், பதறாமல், ஏதோ தோடம்பழம் உரிக்கிறவர் போல. கற்பிட்டியில் பிறந்து நியூசிலாந்தில் முப்பது வருடம் பாலம் கட்டிய மனிதர், அங்கே பழகிய இறகுத் தூண்டிலைப் பிறந்த கரையில் ஒருதரம் வீசிப் பார்க்க வேண்டும் என்று வந்திருக்கிறார். இறகு கட்டிய அந்தத் தூண்டிலுக்குப் பாரமே கிடையாது, வீசுவதெல்லாம் தடித்த மஞ்சள் கயிற்றைத்தான், வீசிய பிறகு இடது கையால் சாண் சாணாக இழுக்க வேண்டும், இழுத்த கயிறு கடலில் விழுந்தால் அலை அதைக் காலில் சுற்றிவிடும், அதற்காகத்தான் இடுப்பில் ஒரு கூடை, கயிறு அதற்குள் விழுந்து அடுத்த வீச்சுக்கு அதற்குள்ளிருந்தே எழும்ப வேண்டும்... இவ்வளவுதான் விசயம், ஒரு கூடை, ஒரு கயிறு, அதற்கே மூன்று நாள் போய்விட்டது. இன்று கடைசி, ஒன்பது மணிக்கு அவரை ஏற்ற விடுதி வான் வரும். விடுதிக்காரன் சரீப் நேற்றே சொல்லிவிட்டான், இந்த ஆளும் வெறுங்கையோடு போனால் அடுத்த மாதம் வருகிறவர்களை நீர்கொழும்பு ஆளிடம் விட்டுவிடுவேன், என்னோடு கோபிக்கக் கூடாது என்று. கோபித்து என்ன? முதுகு போய் வள்ளத்தை விட்டு இறங்கியவனுக்கு இருப்பது விடுதிக்கு வருகிறவர்களைத் தூண்டில் போடக் கூட்டிப் போகிற இந்தக் கரை வேலை ஒன்றுதான், நாட்டில் சண்டை முடிந்து விடுதிகள் வந்திராவிட்டால் அதுவும் இல்லை.

முதல் நாள் நானா கொண்டுவந்த வலைக்கூடைதான், மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற சாமான், பார்க்க வடிவு, ஆனால் காற்று அடிக்க அதன் வயிறு உள்ளே ஒட்டிக் கயிற்றை வெளியே தள்ளியது. இரண்டாம் நாள் பெயின்ட் வாளி, ஆழம் கூடிப்போய் அடியில் கிடந்த கயிறு கட்டிபட்டு எழும்பியது, அலை வர வாளி அவர் நெஞ்சில் முட்டியது. அகலமும் வேண்டும், ஆழமும் ஒரு சாண் வேண்டும் என்று யோசித்து யோசித்துத்தான் கிணற்றடியில் மனைவி பவுலினாவின் நீலப் பேசினைக் கண்டான். கேட்டுத்தான் எடுத்தான், கேட்டபோது முதல் துளை விழுந்திருந்தது, அவ்வளவுதான். அவள் பார்த்துவிட்டு, இனி உடுப்புத் தோய்க்க உங்கட தொப்பிதான் மிச்சம் என்றாள், சிரிக்கவில்லை. அவள் சிரித்துப் பதினொரு நாள், மகள் டிலுக்ஷி போனில் கோல் எடுக்காமல் விட்டதும் பதினொரு நாள்... அதை இப்போது நினைக்கக் கூடாது, கயிறு, கயிற்றைப் பார், நானா இழுக்கத் தொடங்கிவிட்டார், கயிறு பேசினுக்குள் விழுகிறது, கோழி கிளறிய வைக்கோல் மாதிரி விழுகிறது, கில்பட் குனிந்து இரண்டு விரலால் அதை எடுத்து வட்டம் வட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், அழகாக அடுக்கினான். இந்தக் கைக்கு அது சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. பத்தொன்பது வருடம் இன்னாசிப்பிள்ளையின் வள்ளத்தில் ஆயிரங்கால் தூண்டில் சுருட்டிய கை, நானூறு கொக்கி தொங்குகிற கயிற்றைப் பெட்டிக்குள் வளைத்து வைத்தால் ஓடுகிற வள்ளத்திலிருந்து ஒரு சிக்கு இல்லாமல் இறங்கும், கில்பட் சுருட்டின பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கடலில் கொட்டலாம் என்று இன்னாசிப்பிள்ளையே சொல்லியிருக்கிறார், அப்படிப்பட்ட கை பக்கத்தில் நின்று இவ்வளவு உதவியும் இந்தப் பாழாய்ப்போன... எட்டாவது விழுங்கல்.

ஆறரைக்கு அந்தப் பாரை பட்டதே, மூன்று நாளில் ஒரே ஒரு மீன், நாலு கிலோவுக்குக் குறையாது, கயிறு பேசினிலிருந்து விர்ரென்று கிளம்பியது, நானாவின் முகம் சின்னப் பிள்ளையின் முகமாகிப் போனது, பிறகு ஒரு முடிச்சு மேலே வந்து தடியின் வளையத்தில் இறுகி, டப். அவ்வளவுதான். நானா அறுந்த நுனியைப் பார்த்தார், பரவாயில்ல தம்பி, அதுக்கும் படைச்சவன் அளந்த இரை, ரிஸ்க், ஈக்கிதானே என்றார். மனிதர் திட்டினாலாவது ஆறுதலாக இருக்கும். துளை சின்னதோ? தங்கூசி முள் நீளம் கூடிவிட்டதோ? தலவில கோயில் அன்னம்மாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்திருக்கிறேன், கேட்கவில்லையோ? நல்லது செய்ய நினைக்கிற இடத்தில்தான் எனக்கு எல்லாம் பிழைக்கிறது. டிலுக்ஷிக்கும் நல்லதுதானே நினைத்தான், முந்தல் டவுனில் புடவைக் கடையில் பத்து மணித்தியாலம் நின்று பிள்ளைக்குக் கால் வீங்குகிறது என்று கேள்விப்பட்டு, அவளுக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப்போய், முதலாளியிடம் கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டான், முதலாளியும் நல்ல மனிதர், மறுநாளே உட்கார ஒரு கதிரை போட்டார், அவளுக்கு மட்டும். மற்றப் பிள்ளைகள் அவளுக்குக் கதிரை மகாராணி என்று பெயர் வைத்தார்களாம், அன்றோடு அவள் கோல் நின்றது. அதற்கு அப்பன் என்ன செய்வான்? அன்றைக்குப் பவுலினா அடுப்பைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "அவள் உங்களிட்டக் கேட்டவளா?"

கரையில் செருப்புக்கு மேல் வைத்த பைக்குள் போன் அடித்தது. மகளோ என்று தண்ணீரைக் காலால் உழுதுகொண்டு ஏறிப்போய்ப் பார்த்தால் சரீப். மீன் பட்டதா, வான் வெளிக்கிட்டுவிட்டது, நானா என்ன சொல்கிறார்... கேள்வி கேள்வியாக வந்துகொண்டிருந்தது. கில்பட் ஓம் ஓம் என்றபடி கடலைப் பார்த்து நின்றான். தூரத்தில் நானா தனியாக வீசினார். மஞ்சள் கயிறு பேசினிலிருந்து நீளமாக எழும்பிப் போய்ப் பரவி விழுந்தது. இழுத்தார், வீசினார், மறுபடியும் போனது. மூன்றாவது. சரீப் நீர்கொழும்பு ஆளைப் பற்றி என்னவோ சொன்னான். நான்காவது, ஒரு தடக்கு இல்லை. ஐந்தாவது. காற்று அதே காற்று, பேசின் அதே பேசின், கயிறு அதே கயிறு, அங்கே இல்லாதது என்ன... போன் காதில் இருந்தது, சரீப் ஹலோ ஹலோ என்றான், கில்பட் தன் வலது கையைப் பார்த்தான், உப்பில் வெளுத்து விறைத்த இரண்டு விரல்கள். விழுந்தபடி கிடந்தால் கடைசியாக விழுந்தது முதலில் எழும்பும். அடுக்குகிறேன் என்று அதைப் புரட்டி அடியில் போட்டது யார்?

திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றான், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான், வகுப்பில் நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி. "நானா, நான் கை வெச்சதாலயா முடிச்சு விழுந்தது?"

அவர் கடலைப் பார்த்தார். "எந்த முடிச்சு தம்பி?"

"எல்லா முடிச்சும்."

"எல்லாம் எண்டு செல்லேலாது. ரெண்டு மூணு என்ட கைப்பிழை."

"முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் நீங்க சொல்லல்ல?"

"நீங்க புள்ளைக்குத் தலை வாருற மாதிரி அடுக்குறீங்க. கைய எடுங்கண்டு எப்பிடித் தம்பி செல்லுற?" கயிற்றை ஒரு சாண் இழுத்து, "அந்தப் பாரை மட்டும் கொஞ்சம் பெருசாப் போச்சு" என்றார்.

கில்பட்டுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது, இதென்ன இரக்கம், மூன்று நாள், ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வந்த மனிதர், ஒரு சொல் சொல்லியிருந்தால் மீன் கரையில் கிடந்திருக்கும், என் வேலையும் தப்பியிருக்கும், என் மனம் நோகக் கூடாது என்று தன் மீனை விட்டுக்கொடுத்திருக்கிறார், நான் கேட்டேனா... அந்த இடத்தில் நினைப்பு தடக்கி நின்றது. நான் கேட்டேனா. அவள் கேட்டவளா. டிலுக்ஷியும் எத்தனை நாள் இப்படிச் சொல்லாமல் விட்டிருப்பாள், கதிரைக்கு முன்னால், பள்ளிக்கூடத்து நாளிலேயே, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று, ஒன்றும் சொல்லாமல்?

இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. கயிறு கன்னாபின்னாவென்று விழுந்தது, பின்னால் கட்டிய விரல்கள் ஒவ்வொரு சுற்றுக்கும் துடித்தன, கயிறு ஒவ்வொரு முறையும் நேராகப் போனது, மீன் ஒன்றும் பிறகு வரவில்லை. தென்னைகளுக்குப் பின்னால் வான் ஹோர்ன் அடித்தது. நானா பேசினை அவிழ்த்து அவன் கையில் தந்தார். சரீபுக்கு மீன் பட்டதென்று சொல்லுவோம், பட்டது உண்மைதானே, யாரால் அறுந்தது என்று அவன் கேட்கமாட்டான் என்றார். கேட்பான், கேட்காவிட்டாலும் நானே சொல்லுவேன் என்று கில்பட் நினைத்தான், நீர்கொழும்பு ஆளும் பிள்ளைகுட்டிக்காரனாகத்தான் இருப்பான். உப்பைக் கழுவாமல் கயிற்றைச் சுற்றக் கூடாது, அதனால் முன்னால் அவர் தடியோடும் பின்னால் இவன் பேசினோடும், நடுவில் கயிறு தொய்ந்து கிடக்க, சுடத் தொடங்கிய மணலில் நடந்தார்கள். பாதி வழியில் ஒரு சுற்று விளிம்பைத் தாண்டி வெளியே சரிந்து அவன் பெருவிரலுக்குக் கிட்டவாக ஆடியது. அப்படியே விட்டால் மிதிபடும். எடுத்து உள்ளே போட்டால், மறுபடியும் இந்தக் கை... பதினொரு நாள். டிலுக்ஷிக்குத் தானே கோல் எடுப்பதா, அவளாக எடுக்கட்டும் என்று விடுவதா, இதில் எது தொடாமல் விடுவது, எது கைவிடுவது? காலை அகட்டி வைத்து, கயிற்றை மிதிக்காமல், மெதுவாக, பேசினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவன் நடந்தான்.